வெறும் பட்டியலுக்கு ஒரு வரி

அட்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சுகம். இங்கே மழை விடவில்லை. போன மாதம் உன் கோர்ஸுக்காக ஹஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதி நீ அனுப்பிய நிரலை இன்றைக்குத் திரும்பவும் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். கொழுந்து நிறையைக் கூட்டுகிற அந்த நிரலைத்தான் சொல்கிறேன்.

உன் கை இன்னும் முன்பு பழகிய பைத்தன் மொழியிலேயே நிற்கிறது. அங்கே மொத்தத்துக்குப் பூச்சியம் போட்டு, ஃபோர் லூப்பில், அதாவது சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளில், ஒவ்வொருவர் நிறையாகக் கூட்டி, அதே பெயரில் திரும்பத் திரும்ப எழுதுவாய். ஹஸ்கெலில் ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு கொடுத்ததுதான், மாறாது. அதனால் லூப்பின் வேலையை ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்த கணக்கு, தன்னையே அழைத்துச் செய்கிறது. 18, 22, 16 என்று மூன்று பேரின் நிறை இருக்கிறது என்று வை. 18ஐப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தின் கூட்டு என்ன என்று அதே ஃபங்ஷனைக் கேட்கிறாய். அது 22ஐப் பிடித்துக்கொண்டு கேட்கும். அடுத்தது 16ஐப் பிடித்துக்கொண்டு கேட்கும். பிறகு மிஞ்சுவது வெறும் பட்டியல், அதற்கு விடை 0. அங்கிருந்து பின்னால் வா: 16, 38, 56.

அந்த வெறும் பட்டியலுக்கான வரிதான் உன்னிடம் இல்லை. அதனால்தான் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் கடைசியில் 'நான்-எக்ஸாஸ்டிவ் பேட்டர்ன்ஸ்' என்று விழுந்தது. பெயர்தான் பெரிது. இந்த உள்ளீட்டுக்கு நீ வரி எழுதவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எப்போதும் அந்த வரியை முதலில் எழுது மகள்.

ஃபங்ஷனின் வகையை, எதை வாங்கி எதைத் தரும் என்பதை, முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. முதல் மாதத்தில் எல்லாரும் அதைச் செய்வதில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டாயே.

ரிட்டர்னையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் வெறுமையாக இருந்தால் நிற்கட்டும் என்று, நிரல் ஓடத் தொடங்குகிற மெயினுக்குள் பைத்தனில் போல ரிட்டர்ன் போட்டிருக்கிறாய். நிற்காது. ஹஸ்கெலில் அந்தச் சொல் வெளியே கொண்டுபோவதில்லை, ஒரு மதிப்பை ஐஓவுக்குள், அதாவது திரையில் எழுதுவது போன்ற வெளிவேலைகளின் வகைக்குள், வைத்துத் தருகிறது, அவ்வளவுதான். அடுத்த வரி பாட்டுக்கு ஓடும். மிச்ச வேலையை எல்ஸ், அதாவது 'இல்லாவிட்டால்' என்ற பக்கத்துக்குள் போடு. சாதாரண ஃபங்ஷனுக்கு ரிட்டர்னே வேண்டாம், சமன் குறிக்கு வலப்பக்கம் இருப்பதே விடை. இஃப் போட்டால் எல்ஸ் கட்டாயம் என்பதும் இதனால்தான்: எந்த வழியில் போனாலும் ஒரு விடை வந்தாக வேண்டும்.

நீண்ட பட்டியலுக்கு ஃபோல்ட்எல் பிரைம் என்று ஒரு ஆயத்த ஃபங்ஷன் இருக்கிறது. அதுவரை சேர்ந்த கூட்டை 0, 18, 40, 56 என்று கையோடு கொண்டுபோகும். பிரைம் இல்லாத ஃபோல்ட்எல் கூட்டல்களைச் செய்யாமல் அடுக்கிவைத்து நினைவகத்தைத் தின்னக்கூடும். ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை. முதலில் கையால் எழுதிப் பழகு. வெறும் பட்டியல், ஒருவர் மட்டும் உள்ள பட்டியல், மூவர் உள்ள பட்டியல், இந்த மூன்றையும் கொடுத்து ஓட்டிப் பார். வெறும் பட்டியலை மறந்துவிடாதே.

அன்றைக்கு நீ கேட்டதற்கு, 'இது முதல் பாடம்தானே' என்று ஒரு வரி எழுதி, சரியான நிரலையும் ஒட்டி அனுப்பினேன். லூப்பில் பழகிய பிள்ளைக்கு இது முதல் பாடம் இல்லை. பழகியதை விட்டுவிட்டுப் பழக வேண்டியது, அதைவிடக் கஷ்டம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி எழுதினேன். நீ அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவோடு பேசும்போதும் கோர்ஸைப் பற்றி வாய் திறப்பதில்லையாம். பிழை உன் நிரலில் மட்டும் இல்லை மகள்.

வெள்ளவத்தை அறைக்காசு அனுப்பிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த ஒரு வரியை எழுதி ஓட்டிப் பார். ஓடாவிட்டால் திருத்தாமல் அப்படியே அனுப்பு.

அப்பா