ஆச்சிக்கு, டீ என்ற சொல்லைப் பற்றி

ஷெஃபீல்டு
கார்த்திகை மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நல்லா இருக்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? தம்பி இதை உனக்கு வாசித்துக் காட்டுவான். நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல். இந்தத் தடவை குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

வார்டில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா, "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கு வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார்கள். டீதானே என்று நாலு மணிக்குச் சோறு பொங்கி, புளிக்குழம்பு ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். போனால் மேசையில் பெரிய தட்டு, கத்தி, முள்கரண்டி. மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ஒரு பண்டம், மசித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, மேலே ஊற்றிக்கொள்ளக் கெட்டியான குழம்பு. அவ்வளவும் எனக்காகச் சமைத்தது. மறுக்க மனசு வரவில்லை, சாப்பிட்டேன். குடிக்கிற டீ கடைசியில்தான் வந்தது.

இங்கே இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் சாயங்காலச் சாப்பாட்டுக்கே பேர் டீ. மத்தியானம் சாப்பிடுவது டின்னர். நாலு மணிக்குக் கேக்கும் சின்ன ரொட்டித்துண்டுமாகப் பெரிய வீட்டுக்காரர்கள் குடித்த டீ வேறு. இது ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்து பசியாறிய டீ. தட்டுப் பக்கத்தில் சூடாக டீ இருந்ததால் சாப்பாட்டுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் காலையில் "காப்பி குடிச்சாச்சா?" என்றால் இட்லி தின்றாச்சா என்றுதானே அர்த்தம்? அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். செடி மாதிரியே சொல்லும் சீனாவிலிருந்துதான் வந்திருக்கிறது. சீனாவில் எழுத்து ஒன்றுதான், ஊருக்கு ஊர் வாசிப்புதான் வேறு. பெரும்பாலான இடங்களில் 'ச்சா'. தெற்கே ஃபுஜியன் கடற்கரையில் மட்டும் 'தே'. டச்சுக்காரர்கள் அந்தக் கடற்கரை ஆட்களோடு வியாபாரம் செய்ததால் 'தே' கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. 'ச்சா' தரைவழியே பாரசீகம் போய் 'சாய்' ஆகி இந்திக்காரர் வாய்க்கு வந்தது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் 'சாயா' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

1658-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு காப்பிக்கடை இதற்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. சீனர்கள் 'ச்சா' என்கிறார்கள், மற்ற நாட்டார் 'டே' என்றும் 'டீ' என்றும் சொல்கிறார்கள் என்று மூன்று பேரையும் போட்டிருக்கிறார்கள். எந்தப் பேர் நிலைக்கும் என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. அப்புறமும் வெகுகாலம் இங்கே 'டே' என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் 1700களின் தொடக்கத்தில் எழுதிய பாட்டில் 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக இதை வைத்திருக்கிறார். 'டே' என்று வாசித்தால்தான் அது இயையும். பிறகுதான் 'டீ' முழுசாக நின்றது.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் ஆச்சி. நீ டீத்தூள் என்று சொன்னாலும் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தேயிலை. தே, இலை. அந்தக் கடற்கரைக்காரர்கள் சொன்ன 'தே' நம்ம வாயில் அப்படியே இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் மாற்றிவிட்டார்கள், நாம் மாற்றவில்லை.

இங்கே ஒன்றைச் செய்யவே மாட்டேன் என்று அடித்துச் சொல்ல, "சீனாவில் இருக்கிற டீ அத்தனையும் கொடுத்தாலும் மாட்டேன்" என்பார்கள். டீ என்றாலே சீனா என்றிருந்த நினைப்பில் பிறந்த பேச்சு அது. அப்புறம் அஸ்ஸாமிலும் இலங்கையிலும் நட்டார்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் குத்தகைக்கு விட்ட பிறகு நம்ம மாஞ்சோலை எஸ்டேட்டுக்கும் வந்தது, நாலுமுக்கு எஸ்டேட்டுக்கும் வந்தது. அங்கேதானே உன் முப்பது வருஷம் போனது.

கடையில் டப்பாவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் உன் கைதான் ஞாபகம் வருகிறது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை ஏறி, வெடிப்புக்குள் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. சின்னப் பிள்ளையில் அந்தக் கோட்டைச் சுரண்டிப் பார்ப்பேன், நீ சிரிப்பாய். பிறகு ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் காட்டி, இதுதான் கொழுந்து என்பாய். அந்த அம்மாவிடம் கொழுந்துக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு இலை ஒரு மொட்டு என்றே சொன்னார்கள். நம்மிடம் அதற்கு ஒரே சொல் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தேன். 'கொளுந்து' என்று வருகிறது அவர்களுக்கு.

சரி, ஒரு காரியம் செய். செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து, வரிசை வீடான லயம், வேலை வாங்குகிற கங்காணி, இந்த மூன்று சொல்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எஸ்டேட்டில் நீங்கள் புழங்கிய மற்ற சொற்களையும் தம்பியிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல். எடை போடும்போது என்ன சொல்வீர்கள், முற்றின இலைக்கு என்ன பேர், அட்டை கடிக்காமல் காலில் எதைத் தடவுவீர்கள், எல்லாம் வேண்டும். சித்திரையில் வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் பேத்தி