மண்முனைத்துறையில் ஒரு 'பாதை' நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் சிலை வைப்பதென்றால் பாடும் மீனைத் தாண்டி எவருக்கும் யோசனை ஓடுவதில்லை. மீன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த வாவியைச் சனங்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்கும் ஓர் உருவம் வேண்டாமா?

கல்லடிக்கு 1924 இலேயே பாலம் வந்துவிட்டது. 1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதமும் வந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைத்துறையால் வரும் சனங்களுக்கோ, 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைதான் கதி. நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, மோட்டார் சைக்கிள், வெள்ளைச் சேலை நனையாமல் பிடித்தபடி ஆசிரியைமார், எல்லாம் ஒரே தட்டில். கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் போன கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். இன்று பாலத்தில் பறக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது.

பாலத்தடியில், முழு அளவில், ஆட்களும் சாமான்களுமாக ஒரு பாதையைச் சிற்பமாக நிறுத்தலாம். பழைய பாதையின் இரும்பு எங்காவது துருப்பிடித்துக் கிடந்தால் அதையே எடுக்கலாம். கொழும்பிலிருந்து ஆள் கூப்பிடத் தேவையில்லை. நம்மூர் ஒட்டுவேலைப் பட்டறைக்காரரும் சித்திர ஆசிரியர்களும் போதும். பீடத்தில் ஏற்றி வேலி அடைக்காமல், பிள்ளைகள் ஏறி விளையாடும்படி தரையில் வையுங்கள். உப்புக்காற்றுக்கு வருடாவருடம் பூச்சு அடிக்கும் செலவையும் முதலிலேயே ஒதுக்கவேண்டும். திறப்பு விழாவோடு மறந்துபோவதுதானே நமது வழக்கம்!

வாவியின் இரு கரையிலும் உள்ள மண்முனைப்பற்று, மண்முனை தென்மேற்குப் பிரதேச சபைகள் சேர்ந்து இதைப் பரிசீலிக்குமா?

வாசகர்,
ஆரையம்பதி.