நேதாஜியை ஏற்றிச்சென்ற யு-180: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1943-இல் நேதாஜி ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு நீர்மூழ்கியில் வந்த கடற்பயணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை படிக்க விறுவிறுப்பாக இருந்தது. ஆனால், "ஜெர்மனியின் தலைசிறந்த நீர்மூழ்கி அவரை ஜப்பானில் கொண்டுபோய் இறக்கியது, திரும்பும் வழியில் எதிரிகள் அதை மூழ்கடித்தார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. அந்தக் கப்பலின் வரலாறு ஆவணங்களில் தெளிவாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

கப்பலின் பெயர் யு-180. பிரேமன் நகரின் ஏ.ஜி. வேசர் தளத்தில் கட்டப்பட்டு, 1942 மே 16 அன்று ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 87 மீட்டர், நீர்மேல் எடை 1,610 டன். ஒன்பது-டி-1 என்ற வகையில் மொத்தமே இரண்டு கப்பல்கள்தான் கட்டினார்கள். இது ஒன்று, யு-195 மற்றொன்று. அதற்குமேல் கட்டாததற்குக் காரணம் எஞ்சின்.

வழக்கமான பெரிய ஜெர்மன் நீர்மூழ்கிகளில் மெதுவாகச் சுழலும் கனமான டீசல் எஞ்சின்கள் இரண்டு இருக்கும். நீர்மேல் வேகத்தைக் கூட்டுவதற்காக யு-180-இல் அவற்றுக்குப் பதிலாக மெர்சிடிஸ்-பென்ஸின் எம்பி 501 எஞ்சின்கள் ஆறைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றிலும் வி வடிவில் 20 சிலிண்டர், 1,500 குதிரைத்திறன். மொத்தம் 9,000 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 20.8 கடல் மைல். காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் இவை அதிவேக டார்பிடோ படகுகளுக்கான எஞ்சின்கள். அந்தப் படகுகள் சில மணி நேரம் சீறிப் பாய்ந்துவிட்டுத் துறைமுகம் திரும்பி, எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். நீர்மூழ்கியோ மாதக்கணக்கில் கரை காணாமல், பெரும்பாலும் குறைந்த வேகத்தில் ஓடவேண்டியது. அதிவேக டீசலைக் குறைந்த பளுவில் நெடுநேரம் ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாது. புகையும் கரியும் சேரும். குறுகிய எஃகு உடலுக்குள் ஆறு எஞ்சின்களின் வெப்பம் வெளியேற வழி குறைவு. குளிர்விக்க வரும் கடல்நீரும் வெப்பமண்டலத்தில் வெதுவெதுப்பாகவே இருக்கும். யு-180-இன் எஞ்சின்கள் அளவுக்கு மீறிச் சூடேறின, கரும்புகை கக்கின. பகலில் அந்தப் புகையை எதிரி தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். பராமரிப்பு வேறு: 120 சிலிண்டர், அத்தனைக்கும் தனித்தனி வால்வுகள். நடுக்கடலில் இவ்வளவையும் கட்டி மேய்ப்பது எத்தனை பெரிய வேலை என்பது எஞ்சின் அறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து, வெர்னர் மூசன்பெர்க் தலைமையில், நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் கிளம்பியது இந்தக் கப்பலில்தான். பிரிட்டனுக்கு வடக்கே சுற்றி, அட்லாண்டிக் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைக் கடந்தார்கள். யு-180 வெறும் பயணக் கப்பலாகவும் போகவில்லை. ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை அது டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அப்போது நேதாஜி உள்ளேதான் இருந்தார். அவர் பயணம் செய்தது போர்க்கடமையில் இருந்த கப்பலில், அதுவும் சரியாக ஒத்துழைக்காத எஞ்சின்களை நம்பி. அவர் ஏற்ற ஆபத்தின் அளவு இதைச் சொன்னால்தான் புரியும். கட்டுரை அதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஏப்ரல் 26 அளவில் மடகாஸ்கருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 காத்திருந்தது. கடல் கொந்தளித்ததால் உடனே ஆள் மாற்ற முடியவில்லை. இரண்டு கப்பல்களும் சேர்ந்தே சென்று அலை தணியப் பார்த்திருந்தன. பிறகு ரப்பர் படகில் நேதாஜியும் ஆபித் ஹசனும் மாறினார்கள். ஜெர்மனியின் ஆயுத மாதிரிகளும் வரைபடங்களும் ஐ-29-க்குப் போயின. அங்கிருந்து இரண்டு டன் தங்கமும் இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் யு-180-க்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் டோமோனாகா ஹிடியோ, நீர்மூழ்கி வடிவமைப்பு வல்லுநர். இவர் 1945-இல் யு-234-இல் நாடு திரும்புகையில், ஜெர்மனி தோற்று அந்தக் கப்பல் அமெரிக்கர்களிடம் சரணடைய முடிவுசெய்ததும் தூக்க மாத்திரை உண்டு உயிர்விட்டார்.

ஐ-29 நேதாஜியை இறக்கியதும் ஜப்பானில் அல்ல; சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவில், மே மாதத் தொடக்கத்தில். டோக்கியோவுக்கு விமானத்தில்தான் போனார். அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது ஜூலை 2. மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது அதன் பிறகு. யு-180 பத்திரமாக பிரான்ஸின் போர்தோ துறைமுகத்தை அடைந்தது ஜூலை 3. வழியில் 'போரிஸ்' என்ற கிரேக்கக் கப்பலை அது மூழ்கடித்தது. திரும்பும் வழியில் யு-180-ஐ யாரும் மூழ்கடிக்கவில்லை.

போர்தோவில் அந்த ஆறு எஞ்சின்களையும் கழற்றி எறிந்தார்கள். சாதாரண டீசல் இரண்டைப் பொருத்தி, டார்பிடோக் குழாய்களை எடுத்துவிட்டு, ஏறக்குறைய 250 டன் சரக்கு ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். புகை போயிற்று, வேகமும் போயிற்று. நேச நாட்டுப் படைகள் நெருங்கிய வேளையில், 1944 ஆகஸ்ட் 20 அன்று, யு-195-உம் இதுவும் ஜப்பானை நோக்கிக் கிளம்பின. யு-195 டிசம்பரில் பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சேர்ந்தது. யு-180 பிரான்ஸுக்கு மேற்கே உள்ள பிஸ்கே விரிகுடாவில் காணாமற்போனது. கப்பலில் இருந்த 56 பேரும் மாண்டனர்.

அது அழிந்ததற்குக் காரணம் கண்ணிவெடி என்று நெடுநாள் எழுதினார்கள். ஸ்நோர்கெல் கோளாறு என்ற கருத்தும் உண்டு. நீருக்கடியிலேயே டீசலை ஓட்டக் காற்றிழுக்கும் குழாய் அது. அலை மேலேறினால் மிதவை வால்வு மூடிக்கொள்ளும். எஞ்சின் நிற்காமல் உள்ளிருக்கும் காற்றையே உறிஞ்சும். அழுத்தம் சரிந்து காது வலிக்கும். எஞ்சினை உடனே நிறுத்தாவிட்டால் கழிவுப்புகை உள்ளே திரும்பி, கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்க்கும். எது நடந்தது என்று சொல்ல ஒருவரும் பிழைக்கவில்லை.

கட்டுரையோடு வந்த குழுப்படமும் ஜெர்மன் மாலுமிகளுடையது அன்று. அது ஐ-29-இன் தளத்தில் எடுத்தது. நேதாஜியுடன் இருப்பவர்கள் ஜப்பானியர்கள். அடுத்த இதழிலேயே படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி