செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி கடைசி ஞாயிறு தொழுநோய் தினம், மார்ச் 24 காசநோய் தினம், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. செயற்குழுவும் தவறாமல் கூடியது.

தொழுநோய்ச் சுவரொட்டி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பிடிவாதத்தால் பழைய படம் நீக்கப்பட்டது என்று பேச்சு இருக்கிறது. பிடிவாதம்தான். விரல் மழுங்கிய கையைப் பெரிதாகப் போட்டால்தான் மக்கள் நின்று பார்ப்பார்கள் என்றார்கள். பார்ப்பார்கள், சரி. அப்புறம்? தொழுநோயின் தொடக்க அறிகுறியான உணர்ச்சியற்ற தேமல் உள்ள ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் மருத்துவரிடம் போகமாட்டார், முழுக்கைச் சட்டை போட்டு மறைப்பார். மறைத்து வைக்கும் அந்தக் காலத்தில்தான் நரம்பு கெட்டு விரல் போகிறது. 1987இல் ஆஸ்திரேலியாவில் எய்ட்ஸுக்காக மரணமே உருவெடுத்து வந்து மனிதர்களைப் பந்து வீசிச் சாய்ப்பதுபோல ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தார்கள். நாடே பேசியது. ஆனால் தன்பாலின ஆண்களையே அந்த மரண உருவமாகப் பார்த்தவர்களும் உண்டு. அச்சம் நோயை விட்டுவிட்டு நோயுற்றவர்மேல் பாய்கிறது.

ஆகவே நாம் அச்சிட்டது இவ்வளவுதான்: தொழுநோய்க்கு 1981 முதல் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது, வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும், மருந்து தொடங்கிய பிறகு அவரிடமிருந்து தொற்றும் என்று அஞ்ச வேண்டாம்.

துண்டறிக்கையால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதால், குணமானவர்களே பேசும் கூட்டம் ஒன்றும் ஏற்பாடு செய்தோம். பேச வந்தவர்கள் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். வருவதாகக் கையெழுத்துப் போட்ட நம் உறுப்பினர்களில் பாதிப்பேரைக் காணோம். வேலை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் துண்டறிக்கை கொடுக்க வருகிறவர்கள், அருகே உட்கார வேண்டிய நாளில் மட்டும் வராவிட்டால் பேச வந்தவருக்கு அது புரியாமல் இருக்குமா? ஊரார் ஒதுக்குகிறார்கள் என்று மேடையில் பேசும் நாம் இதை நேராகப் பார்த்தாக வேண்டும். எனக்கு அன்று மிகுந்த வருத்தம்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. அச்சுச் செலவு கூடியது, நன்கொடை ஓரளவு ஈடுகட்டியது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. நினைவூட்டல் அனுப்பியும் பலரிடமிருந்து பதில் இல்லை.

தலைவர், பொருளாளர், அச்சக நண்பர்கள், அரங்கம் தந்தவர்கள், மேடையில் துணிந்து பேசியவர்கள் எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் காசநோயை எடுத்துக்கொள்ள விருப்பம். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பரப்பும் தன்மை போய்விடுகிறது. தட்டும் டம்ளரும் தனியாக வைக்கும் பழக்கம் மட்டும் வீடுகளில் போவதில்லை. அதைக் குணமானவர்கள்தான் பேச வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், முன்வரிசையில் உட்கார ஆட்களும் வேண்டும். இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார். வருகைப் பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்