‘உங்க வண்டிக்கு மட்டும்தான் சார்’: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தில் வாகன ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் கார் வைத்திருக்கும் சாதாரண ஆள் எழுதுகிறேன். என் வண்டி எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனியின் ரசிகர்கள் ஒரு பக்கம், எதிர்க் கம்பெனி ரசிகர்கள் மறுபக்கம் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள், நான் கேட்க வந்தது காணாமல் போய்விடும்.

இந்த ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சர்வீஸ் சென்டரில் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வாக்கியம் இது: “இந்த கம்ப்ளெயின்ட் உங்க வண்டிக்கு மட்டும்தான் சார், வேற யாரும் சொல்லல.” அது பொய்யா உண்மையா என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழி இல்லை. உங்களிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் ஸ்டியரிங் வேலை செய்யாமல் போகும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டியை ஓரங்கட்டி ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் ஸ்கேனரைச் சொருகிப் பார்ப்பார்கள், “எரர் கோடு எதுவும் இல்ல சார்” என்பார்கள், வாட்டர் வாஷ் பண்ணித் திருப்பிக் கொடுப்பார்கள். அப்புறம் ஒருநாள் கம்பெனியிலிருந்தே போன் வந்தது: ஸ்டியரிங் சம்பந்தமாக ஒரு ‘சர்வீஸ் கேம்பெயின்’ இருக்கிறது, இலவசம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று. வேறு யாருக்குமே வராத பிரச்சினைக்குக் கேம்பெயின் எப்படி வந்தது என்று கேட்டேன், சர்வீஸ் அட்வைசர் சிரித்தார். பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கு மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறார். ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். அடுத்த கோடையில் அதே விளக்கு, அதே கல் ஸ்டியரிங். இந்தத் தடவை பதில் மட்டும் மாறிவிட்டது: “கேம்பெயின் உங்க வண்டிக்கு முடிஞ்சதா சிஸ்டத்துல காட்டுது சார், வாரண்டியும் முடிஞ்சிருச்சு, இனிமே பார்ட் மாத்தணும்னா உங்க செலவுதான்.” வெளியே வந்தபின் ஃபீட்பேக் கால் வரும், பத்துக்குப் பத்து போடுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வேறு.

சிஸ்டத்தில் ‘முடிந்தது’ என்று காட்டினால் முடிந்துவிட்டதா? ரீகால் என்றால் இந்த நாட்டில் எத்தனை வண்டிகளைத் திரும்ப அழைத்தோம் என்ற எண்ணிக்கைதான் செய்தியாகிறது. அதில் எத்தனை வண்டி வந்தது, வந்ததில் எத்தனை உண்மையிலேயே சரியானது, சரிசெய்த பிறகும் எத்தனை வண்டியில் அதே கோளாறு திரும்பியது என்பதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

சட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 வரை ஒன்றுமே இல்லை. அந்த ஆண்டு வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தானாகவே ஒரு ரீகால் நெறிமுறை கொண்டுவந்தது, அதுவும் விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற அளவில்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தீர்கள். 2021 ஏப்ரலில் விதிகளும் அமலுக்கு வந்தன. கட்டாய ரீகால் என்று உத்தரவாகிவிட்டால் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம். வண்டியின் முழு விலையைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது அதற்கு இணையான வேறு வண்டி கொடுப்பது, அல்லது பழுதுபார்த்துக் கொடுப்பது என்று பிரிவில் அழகாகவே எழுதியிருக்கிறது. முழு விலை திரும்பக் கிடைத்த யாரையாவது நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், எனக்கு அவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. கோளாறைக் கம்பெனியே கண்டுபிடித்து, உங்களுக்குத் தகவல் சொல்லி, தானாக ரீகால் செய்தால் அபராதம் கிடையாது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறைப்பதைவிடத் தானாக ஒத்துக்கொள்வது நல்லதுதானே. எங்கள் ஊர்க் கம்பெனியான ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை என்று காலத்தைத் தெளிவாகச் சொல்லி, வெளியிலிருந்து வாங்கிய பார்ட்டில்தான் கோளாறு என்றும் சொன்னது. அறிவிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் தானாக அறிவித்துவிட்டோம் என்பதே கம்பெனிக்கு எல்லாக் கேள்வியிலிருந்தும் விடுதலையாகிவிடுகிறது. போட்ட பார்ட் தாங்குகிறதா, போட்ட சாஃப்ட்வேர் வேலை செய்கிறதா என்பதற்கு அப்புறம் யார் பொறுப்பு?

இது என் ஒருவனுடைய கற்பனைக் கவலை இல்லை. அமெரிக்காவில் செவர்லே போல்ட் என்ற மின்சாரக் காருக்கு நடந்ததைப் பாருங்கள். பேட்டரி தீப்பிடிக்கிறது என்று 2020 நவம்பரில் ரீகால் செய்தார்கள். முதலில் சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாமல் பூட்டினார்கள், பிறகு கோளாறைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஒரு சாஃப்ட்வேர் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்குப்படி அந்த வண்டிகள் எல்லாம் ‘முடிந்தது’. ஆனால் 2021-ல் அப்படிச் சரிசெய்த வண்டிகளே எரிந்தன. பேட்டரி செல்லுக்குள் ஆனோடு என்ற மின்முனையின் இணைப்புத் தகடு கிழிந்திருந்தது, மின்முனைகளைப் பிரித்து வைக்கும் செப்பரேட்டர் மடிந்திருந்தது. உற்பத்தியில் நடந்த தவறு அது, சாஃப்ட்வேர் என்ன செய்ய முடியும்? மறுபடி ரீகால், கடைசியில் விற்ற அத்தனை போல்ட்டுக்கும் ரீகால், பேட்டரி மாட்யூலையே மாற்ற வேண்டி வந்தது. சரிசெய்த வண்டியிலும் தீ என்ற செய்தி வெளியே வந்ததால்தான் அது நடந்தது. இங்கே அப்படி ஒரு வண்டி எரிந்தால், ‘வெளியில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டிருப்பார்’ என்று கதை முடிந்துவிடும்.

இங்கேயும் உதாரணம் இருக்கிறது. ஃபியூயல் பம்ப் விவகாரத்தில் ஹோண்டா கார்ஸ் 2024 அக்டோபரில் 90,468 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் பிளாஸ்டிக்கால் ஆனது, அதில் குறை இருந்தால் காலப்போக்கில் பம்ப் சிக்கி நின்றுவிடும். பெட்ரோல் போகாது, ஓடும் வண்டி அணைந்துவிடும். எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று தடவை மிதித்தால் பிரேக் பெடலும் இறுகிவிடும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த அறிவிப்பில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 2,204 என்ற சின்ன எண்ணைத்தான். அவை முன்பே அந்தப் பம்பை ஸ்பேர் பார்ட்டாக மாற்றிக்கொண்டிருந்த பழைய வண்டிகள். புதுசு போட்டாச்சு, இனிப் பிரச்சினை இல்லை என்று நம்பிப் போனவர்கள். கம்பெனி அதை வெளிப்படையாகச் சொன்னது பாராட்ட வேண்டிய விஷயம்தான். சொல்லாத கம்பெனிகளில் இந்த மாதிரி எத்தனை இருக்கும்?

சென்னைக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி மாருதி சுசுகி 1,81,754 பெட்ரோல் வண்டிகளுக்கு மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின்சாரப் பாகத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தருவதாக அறிவித்தது. சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6. பார்ட் மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள், மின்சாரப் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று சொன்னார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தண்ணீரில் போகாதே என்று தி.நகர்க்காரரிடமும் வேளச்சேரிக்காரரிடமும் சொன்னால் அவர் எங்கே போவார்? அந்த நவம்பர் முதல் வாரம் முடியும்போதுதான் இங்கே பேய்மழை கொட்டித் தெருவெல்லாம் மிதந்தது. பார்ட் தயாராக நேரம் எடுக்கும், புரிகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பது நாட்டுக்கே தெரியும். முதலில் வரும் பார்ட்டை மழை கொட்டும் ஊர்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம்தானே இருக்க முடியும்? டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் விஷயத்தில் அமெரிக்க அரசு அதைச் செய்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் கெட்டுப்போய் வெடிக்கும் என்று தெரிந்ததும், புளோரிடா மாதிரிப் புழுக்கமான பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டுமா என்ன.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டாய ரீகாலுக்கு உங்கள் விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஆண்டு விற்பனையைப் பொறுத்து இத்தனை உரிமையாளர்கள் புகார் செய்திருக்க வேண்டும், வண்டிக்கு ஏழு வயதுக்குள் இருக்க வேண்டும். அதற்காகவே ஒரு இணையதளமும் இருக்கிறது. நான் தெரிந்தவர்களிடம் விசாரித்தவரை, பத்து வருடமாகக் கார் ஓட்டுபவர்களுக்குக்கூட அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் அதைப் பற்றி ஒரு போர்டு இல்லை. ஆர்சி புத்தகத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதனால் ஆட்கள் வேறு எங்கெங்கோ போய்ப் புகார் செய்கிறார்கள். ஓலா எலக்ட்ரிக் பற்றி 2023 செப்டம்பர் முதல் ஒரே வருடத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார் வந்ததாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. அதில் டெலிவரி தாமதம், சர்வீஸ் தாமதம் எல்லாம் கலந்திருக்கிறது, எல்லாமே பாதுகாப்புக் கோளாறு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாதுகாப்புக் கோளாறாக இருந்தவை எத்தனை, அவற்றில் எத்தனை உங்கள் வரம்புக் கணக்கில் சேர்ந்தன? அது வேறு அமைச்சகம், இது வேறு அமைச்சகம் என்று சொல்லாதீர்கள், வண்டி ஓட்டுபவனுக்கு அரசாங்கம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்துக்குள் போய் மாடல் பெயரையும் வருடத்தையும் போட்டால், அந்த வண்டி பற்றி வந்த ஒவ்வொரு புகாரையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயரும் விலாசமும் இருக்காது, ஆனால் எப்போது நடந்தது, எந்தப் பாகம் என்பதெல்லாம் இருக்கும். ஸ்டியரிங் இறுகுகிறது என்று இன்னும் நாற்பது பேர் எழுதியிருப்பதை அங்கே ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக முடியும். “உங்க வண்டிக்கு மட்டும்தான்” என்று அவரிடம் சொல்ல முடியாது. ரீகால் பழுதுபார்ப்பு போதுமானதாக இருந்ததா என்று விசாரிக்கவே அங்கே தனியாக ஒரு விசாரணை வகை இருக்கிறது. அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கோளாறான இக்னிஷன் சுவிட்சைப் பார்ட் நம்பரை மாற்றாமலே சத்தமில்லாமல் மாற்றி, பல வருடம் கழித்து 2014-ல்தான் ரீகால் செய்ததும் அதே நாட்டில்தான். அந்தக் கோளாறுக்குப் பலியானவர்கள் 124 பேர் என்று இழப்பீட்டுக் கணக்கு சொல்கிறது. அந்த அமைப்புகள் இருந்தும் அப்படி நடக்கிறது என்றால், இல்லாத இடத்தில்?

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களின் நிலைமை இன்னும் மோசம். கம்பெனியின் கடிதமும் குறுஞ்செய்தியும் முதல் ஓனருக்குப் போகும், அவர் விற்றுவிட்டு நம்பரையே மாற்றியிருப்பார். இப்போது யாரிடம் வண்டி இருக்கிறது என்பது வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் ‘வாகன்’ தகவல்தளத்தில் சேஸிஸ் நம்பரோடு இருக்கிறது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கவும் புகைச் சான்றிதழ் வாங்கவும் எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் ‘உங்கள் வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறது’ என்று திரையில் ஒரு வரி காட்டுவது அவ்வளவு பெரிய வேலையா? சலான் பாக்கியை மட்டும் எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறீர்கள்!

‘சர்வீஸ் கேம்பெயின்’ என்ற போர்வையையும் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஸ்டியரிங், பிரேக், ஏர்பேக், எரிபொருள், பேட்டரி இந்த ஐந்தில் கம்பெனி எதை இலவசமாக மாற்றினாலும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது உங்களுக்குத் தகவலாக வர வேண்டும், மாடல்வாரியாக வெளியில் தெரிய வேண்டும். ரீகாலில் செய்த வேலைக்கு, அதே கோளாறு திரும்பினால் காசு வாங்கக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள், வண்டியின் வாரண்டி முடிந்திருந்தாலும். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். அங்கே போனால் உற்பத்திக் குறைபாடு என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்கும் வேலை பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழுகிறது, அந்த நிபுணரும் கம்பெனி ஆட்களைப் பார்த்துத் தயங்குவார். வண்டிகளைச் சோதிக்கவென்றே புனேயில் ஏஆர்ஏஐ இருக்கிறது, மானேசரில் ஐகேட் இருக்கிறது, இங்கே ஒரகடத்தில் ஜிஏஆர்சி இருக்கிறது. ரீகால் முடிந்ததாகக் கணக்குக் காட்டிய வண்டிகளில் சிலவற்றை அங்கே கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், என் வண்டியையும் தருகிறேன், ஒரகடம் வரை ஸ்டியரிங் ஒழுங்காக இருந்தால்.

இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால், ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற அந்தப் பழைய வரி வேண்டாம். விதிகள் வந்த 2021 ஏப்ரலிலிருந்து இன்றுவரை உங்கள் தளத்துக்கு மாடல்வாரியாக எத்தனை புகார் வந்தது, கட்டாய ரீகால் எத்தனை உத்தரவிட்டீர்கள், எவ்வளவு அபராதம் வசூலித்தீர்கள், சரிசெய்த பிறகும் திரும்ப வந்த வண்டிகள் எத்தனை. இந்த நான்கு எண்களை மட்டும் அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
ஏழு வயது முடிவதற்குள் பதில் எதிர்பார்க்கும் ஒரு வண்டிக்காரன்
சென்னை