முல்லருக்கு எதற்கு மெழுகுவர்த்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டதா, டிரம்ப் தரப்புக்கு அதில் பங்கு உண்டா என்று ராபர்ட் முல்லர் நடத்திய விசாரணையைப் பற்றி இன்னமும் சிலர் பக்திப் பரவசத்தோடு பேசுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2017 மே மாதம் அவர் சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டதும் அமெரிக்காவில் அவர் பெயர் போட்ட டி-ஷர்ட் என்ன, புனிதர் கோலத்தில் அவர் படம் ஒட்டிய மெழுகுவர்த்தி என்ன, வியாபாரம் அமோகமாக நடந்தது. 1998-ல் கென்னத் ஸ்டார் என்ற விசாரணை வழக்கறிஞர் அன்றைய அதிபர் கிளின்டனைத் துரத்தியபோது (வைட்வாட்டர் நில விவகாரத்தில் ஆரம்பித்து மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவில் போய் நின்ற கதை) கிளின்டனின் ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும் இதே தரப்புதான் இது விசாரணையா வேட்டையா என்று கொதித்தது.

முல்லர் நேர்மையான அதிகாரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நீதித் துறை விதிகளுக்கு உட்பட்டு வேலை பார்த்தவர். பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றம் சாட்டக் கூடாது என்பது அந்தத் துறையின் பழைய நிலைப்பாடு. அப்புறம் எந்த நம்பிக்கையில் டிரம்ப் நாளைக்கே ஜெயிலுக்குப் போவார் என்று காத்திருந்தார்கள்?

34 பேர் மீது குற்றச்சாட்டு, 448 பக்க அறிக்கை, எல்லாம் சரி. ரஷ்யா தேர்தலில் தலையிட்டது என்றார், டிரம்ப் தரப்பு அதோடு சேர்ந்து சதி செய்ததாக நிறுவ முடியவில்லை என்றார், டிரம்ப் நீதி விசாரணைக்கு இடையூறு செய்தாரா என்ற விஷயத்தில் குற்றவாளி என்றும் சொல்லாமல் நிரபராதி என்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அறிக்கை வெளிவருவதற்கு முன்பே நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் நாலு பக்கக் கடிதத்தில் தனக்குத் தோதான கதையைச் சொல்லி முடித்துவிட்டார். 2019 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் முல்லர் வந்து, கேள்வியைத் திரும்பக் கேளுங்கள் என்று பலமுறை சொன்னபோதுதான் பக்தர்கள் முகம் வாடியது.

— ஒரு வாசகர், திருச்சி