குறிஞ்சிக்கு 12 வருடம், ஆய்வாளருக்கு 2 வருடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் சமவெளியில் ஒரு கல்லூரிக்கு உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போயிருந்தாள். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடுகிற எண் அது. மூன்று என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் அவள் ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். போனில் இதைச் சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். 2018-ல் இங்கே குறிஞ்சி பூத்தது. பூத்த செடி விதை போட்டுவிட்டுக் காய்ந்துவிடும், விதைகள் மழைக்கு முளைக்கும். அந்த நாற்றுகளைத்தான் அவள் அன்றிலிருந்து எண்ணி வருகிறாள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டிய சதுரம், அதற்குள் ஒவ்வொரு நாற்றுக்கும் எண் போட்ட சின்ன அலுமினியத் தகடு, போன வருடம் இருந்ததில் எது பிழைத்தது எது பட்டுப்போனது என்று மண்டியிட்டுப் பார்த்து எழுத வேண்டும். மூடுபனி இறங்கினால் எதிரே இருக்கிற கயிறு கண்ணுக்குத் தெரியாது, நோட்டு நனைந்துவிடும் என்பதால் பேனா கிடையாது, பென்சில்தான். அடுத்த பூப்பு 2030-ல். அதுவரை இந்தக் கணக்கு முடியாது.

ஆய்வு இதழ்களுக்கு மதிப்பெண் மாதிரிப் போடுகிற இம்பாக்ட் பேக்டர் எப்படி வருகிறது தெரியுமா? முந்தைய 2 வருடங்களில் அந்த இதழில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற செடியின் பின்னால் போகிறவளை 2 வருடக் கணக்கில் நிறுத்தினால் அவள் எங்கே நிற்பாள்?

எச்-இன்டெக்ஸ் 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு. ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 10. சரி, எளிமையானதுதான். ஆனால் மூன்றே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் 500 முறை எடுத்தாளப்பட்டவருக்கும் இதில் மூன்றுதான் வரும். அது போக, கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி நீ என் கட்டுரையைப் போடு, நான் உன்னுடையதைப் போடுகிறேன் என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். துறைக்குத் துறை வேறுபாடும் உண்டு. மருத்துவத்தில் குவிகிற மேற்கோள் செடிகொடி வகைப்பாட்டில் கிடைக்காது. அருட்தந்தை கே.எம்.மேத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். இந்த மலையில் ஒரு செடிக்குப் பெயர் தெரிய வேண்டுமென்றால் நான் அதைத்தான் புரட்டுவேன், என் மாணவர்களும் அப்படித்தான். ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டு எழுதுகிற கட்டுரையில் அந்த நூலைக் குறிப்பிட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. நானும் சில முறை விட்டிருக்கிறேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார். அது இன்று 'எவர்ஷெட் விளைவு'. பெயரே நிலைத்துவிட்டதால் அந்தப் பழைய கட்டுரையைத் தேடிக் குறிப்பிடாமலேயே எழுதிவிட முடிகிறது. அதே இடத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்த கண்ணாடித் தகடுகளை வைத்து இன்றும் ஆய்வு நடக்கிறது. குளிரில் தினமும் ஏறிப்போய் அந்தப் படங்களை எடுத்த உதவியாளர்களுக்கு எந்த இன்டெக்ஸும் கிடையாது.

கூட்டு ஆய்வு விஷயமும் இப்படித்தான். இயற்பியலில் ஹிக்ஸ் என்கிற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். அந்த மாதிரி வேலைக்கு அத்தனை பேர் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதையும் ஒருவர் தனியாக மலையேறி எழுதியதையும் எண்ணிக்கையில் ஒன்றாக வைத்தால் எப்படி? என் மாணவிக்குக் குறிஞ்சி இருக்கிற சரிவுகளைக் காட்டியவர் இந்த மலையின் பழங்குடியான பளியர் இனத்துப் பெரியவர் ஒருவர். எந்தப் பக்கம் முதலில் பூத்தது என்று சொன்னதும் அவர்தான். முதல் கட்டுரையில் அவர் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில் வந்தது. அடுத்ததில் அவரை ஆசிரியராகவே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றாள்.

மேற்கோள் எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் நம் வேலையை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க அது உதவும். ஆனால் அதை மட்டும் பார்க்காமல் ஆய்வைப் படித்து மதிப்பிடுங்கள் என்று ஆய்வு இதழ்களின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி ஒரு பிரகடனமாக எழுதிவிட்டார்கள். நம் கல்லூரிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: விண்ணப்பிக்கிறவர் தன் வேலையில் நல்லது என்று நினைக்கிற இரண்டு கட்டுரைகளைக் கொடுக்கட்டும், தேர்வுக் குழுவினர் நேர்காணலுக்கு முன்னால் அவற்றைப் படித்துவிட்டு வரட்டும். முதல் கேள்வி அதிலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கொடைக்கானல்